முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சியும் கலையும்: மனத்துக்கு உண்மையில் உதவுவது எது?

கேள்வி
பதிந்தவர்: தஞ்சைச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூருக்கு அருகில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்தில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் இல்லத்தில் இப்போது 38 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 25 பேர் பெண்கள், 13 பேர் ஆண்கள். ஏழு பேருக்கு மறதி நோய் வெவ்வேறு நிலைகளில் இருக்கிறது. பகல் நேரத்தில் நானும் மூன்று ஆயாக்களும் சமையலுக்கு இரண்டு பேரும் இருக்கிறோம். வேளைக்குச் சாப்பாடு, மருந்து, குளியல், துணிமணி ஆகியவற்றில் பெரிய குறை எதுவும் இல்லை என்று மனச்சாட்சிப்படி சொல்ல முடியும்.

என்னை வருத்துவது காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடக்கும் மூன்று மணி நேரமும், பிற்பகல் இரண்டு மணி முதல் விளக்கு வைக்கும் வரை உள்ள நேரமும்தான். தாழ்வாரத்தில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் வாசல் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரரோடுகூடப் பேச்சு இருக்காது. ஓர் அம்மா தினமும் காலையில் என்னிடம், "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். நான் சொன்னதும், "தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு மறதி நோய் கிடையாது.

சென்ற ஆண்டு இரண்டு முயற்சிகள் செய்தோம், இரண்டும் வீணாயின. தொலைக்காட்சியில் உடற்பயிற்சிக் காணொளி ஒன்றைப் போட்டு, பார்த்துச் செய்யச் சொன்னோம். முதல் நாள் 20 பேர் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். காணொளியில் வரும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது. அவருடைய வேகத்துக்கு என்னாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு நன்கொடையாளர் ஒருவர் குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களையும் கிரேயான்களையும் அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தார். எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். யானைப் படம் போட்ட பக்கத்தை அவர் முன்னால் நான் விரித்து வைத்தபோது, கையில் கொடுத்த கிரேயானைப் பெட்டியில் அதன் இடத்திலேயே வரிசை மாறாமல் திரும்ப வைத்துவிட்டு, "இதை நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த நாள், நினைவு நாள் என்று மாதத்தில் ஏழெட்டு நாள் வெளியார் வந்து வடை பாயசத்தோடு சாப்பாடு போடுகிறார்கள். அதற்கு நாங்கள் நன்றி உள்ளவர்கள்தான். ஆனால், சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொல்வதும், வாழ்த்தச் சொல்வதும், படம் எடுப்பதும் நடக்கின்றன. அவர்கள் போன பிறகு வரும் மாலைகளில்தான் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்பவர்கள் அதிகம். நான் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இயன்முறை மருத்துவர் நிரந்தரமாக இல்லாத ஓர் இடத்தில் எந்த உடற்பயிற்சியை அச்சமின்றிச் செய்ய வைக்கலாம், முதியவர்களைக் குழந்தைகளாக்காத கலைப்பணி எது, ஆண்களை எப்படி வரவழைப்பது, செய்வது பயன் தருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மாதத்துக்கு 3,000 ரூபாய் செலவு செய்ய நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

மறுமொழி 1
பதிந்தவர்: வைகறை

அம்மா, நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். முதியோர் இல்லத்தில் மூன்று ஆண்டுகள் இருந்து மறைந்த ஒருவரின் மகள். என் அப்பா தையற்காரர். சேலத்தில் ஒரு கடையில் நாற்பது ஆண்டுகள் துணி வெட்டியவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். இல்லத்தில் சேர்ந்த பிறகு அவர் 'தாத்தா' ஆகிவிட்டார். முதல் ஐந்து மாதங்கள் நான் போகும்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

மாற்றம் ஓர் ஆயாவால் வந்தது. தலையணை உறை ஒன்று கிழிந்திருந்ததைப் பார்த்து அப்பா, "இதை நான் தைத்துத் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கண்புரை; ஊசியில் நூல் கோக்க முடியாது. அந்த ஆயா மறுநாள் காலையில் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, ஒரு பழைய துணியில் வரிசையாகக் குத்தி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாராம். மாலையில் எண்ணி எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மீண்டும் கோத்து வைப்பார். அப்பா இறக்கும் வரை அந்த இல்லத்துத் தலையணை உறைகள், திரைச்சீலைகள் எல்லாம் அவர் கையால் ஓரம் தைத்தவை. நான்காவது வாரம் நான் போனபோது, என் சுடிதாரின் தையலைப் புரட்டிப் பார்த்து, "யார் தைத்தது, இவ்வளவு மோசமாக?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயா அவரை மாஸ்டர் என்று அழைப்பதையும் அன்றுதான் கேட்டேன்.

உங்கள் 38 பேரும் முன்பு என்ன வேலை செய்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

மறுமொழி 2
பதிந்தவர்: மதுரை இயன்முறையாளர்

வணக்கம். முதலில், வயதானவர்களுக்கு மெல்லக் கையைக் காலை ஆட்டினால் போதும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1990இல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 90 வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 1994இல் அதே குழு, சராசரி வயது 87 ஆக இருந்த 100 இல்லவாசிகளிடம் பத்து வாரம் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தபோதும் பயிற்சி பெற்றவர்களின் வலிமை இரட்டிப்புக்கு மேல் ஆயிற்று. நடை வேகமும் கூடியது. அந்த வயதிலும் தசை கேட்கும். கேட்பதற்குத் தகுந்த சுமையைக் கொடுத்தால்தான் கேட்கும்.

உங்கள் இடத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்குகிறவர்களையும், அண்மையில் எலும்பு முறிந்தவர்களையும், இதய நோய்க்காரர்களையும், நெஞ்சு வலி, மயக்கம் வருகிறவர்களையும் மருத்துவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே சேர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்காக இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது. உங்கள் நேர அட்டவணைக்குக் காலை பத்தரை மணி பொருத்தமாக இருக்கும். தரை துடைத்த ஈரம் காய்ந்திருக்க வேண்டும். வேட்டி தரையில் புரளாமல் மடித்துக் கட்டியிருக்கிறதா, புடவைக் கொசுவம் காலில் தட்டாமல் இருக்கிறதா, தேய்ந்த ரப்பர் செருப்போடு யாரும் வரவில்லையே என்று பாருங்கள். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். நான் நேரில் பார்த்த இரண்டு விபத்துகளுக்கு அதுதான் காரணம். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

பயிற்சி நான்குதான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெதுவாக உட்காருவது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. உட்கார்ந்தபடி ஒவ்வொரு காலாக முழங்காலை நீட்டுவது. கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்தில் நடப்பது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் ஐந்து முறை போதும். அது எளிதாகிவிட்டால், அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் தைத்துக் கணுக்காலில் கட்டுங்கள். பிறகு முக்கால் கிலோ. வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம். பேசிக்கொண்டே செய்ய முடிகிறவரை சரி. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும். மூட்டு வலி அன்று மாலைக்குள் தணிந்தால் கவலை இல்லை; மறுநாளும் இருந்தால் அளவைக் குறையுங்கள். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி. எண்ணிக்கையை நீங்கள் சொல்லாமல் அவர்களில் ஒருவரைச் சொல்ல வையுங்கள்.

கும்மியும் கோலாட்டமும் உட்கார்ந்தே ஆடலாம். ஆனால் கோலாட்டத்துக்கு மரக்கோல் வேண்டாம். வயதானவர்களின் கைத்தோல் மெல்லியது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தட்டு பட்டாலே கன்றிப்போகும். செய்தித்தாளை இறுகச் சுருட்டி, துணி சுற்றிய கோல்கள் போதும்.

பயிற்சி நிலைப்பதும் நிலைக்காததும், எதற்காகச் செய்கிறோம் என்பது அந்த முதியவருக்குத் தெரிவதைப் பொறுத்தது என்பது என் அனுபவம். 'உடம்புக்கு நல்லது' என்ற காரணம் யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்புவதில்லை. நான் வாரந்தோறும் போகும் ஓர் இல்லத்தில் 81 வயது அம்மா ஒருவரிடம், "நன்றாக நடக்க வந்துவிட்டால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். வாசலில் இருக்கும் வேப்பமரத்தடிக்கு யார் துணையும் இல்லாமல் போய்ச் சிறிது நேரம் உட்கார வேண்டும் என்றார். கதவிலிருந்து மரத்துக்கு 22 அடி நடை. வழியில் ஓரிடத்தில் நாற்காலி ஒன்றைப் போட்டோம்; பத்து வாரத்தில் அந்த நாற்காலி தேவைப்படவில்லை. இப்போது காலையில் அவர் அங்கே உட்கார்ந்து அணில்களுக்கு அரிசி போடுகிறார். ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலை அவர் பெயருக்கு நேரே எழுதி வையுங்கள்.

பயன் தெரிய ஒரு வழி: கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று மாதம் ஒரு முறை எண்ணுங்கள். எண்ணிக்கையை அவரிடமும் சொல்லுங்கள்.

மறுமொழி 3
பதிந்தவர்: கோவை ஓவிய ஆசிரியை

செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நான்கு ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் இரு முறை போகிறேன். அந்தத் தலைமையாசிரியர் செய்தது சரி. நானும் முதல் மாதத்தில் வண்ணப் புத்தகங்களைத்தான் கொண்டு போனேன், அதே பாடத்தைத்தான் கற்றேன்.

நம் பெண்களிடம் கோலத்தை விட்டுவிட்டு வேறு எதையும் தேடிப் போகாதீர்கள். அறுபது ஆண்டுகள் தினமும் விடியலில் வரைந்த கை அது. பெயரும் ஊரும் மறந்தவர்களின் விரல்கூடப் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி பிசகாமல் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். குனியவும் குந்தவும் முடியாது என்பதால், இரண்டடிச் சதுரப் பலகையில் காவி அடித்து மேசை மேல் வைத்துவிடுங்கள். கோலமாவை விரலிடுக்கில் பிடிக்க முடியாதவர்களுக்குத் தடித்த சாக்கட்டி போதும். கை நடுங்குகிறவர்களுக்குத் தூரிகையின் காம்பில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுங்கள், பிடி கிடைக்கும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். எனவே காவியின்மேல் வெள்ளை, கறுப்பின்மேல் மஞ்சள் போன்று எடுப்பான நிறங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கணவரை இழந்த பெண்கள் பலர், கோலம் போடுவதும் பூத் தொடுப்பதும் தங்களுக்கு உரியவை அல்ல என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை. எல்லார் முன்னாலும் வற்புறுத்தி அழைத்தால் அவர்களைப் புண்படுத்திவிடுவோம். எங்கள் இல்லத்தில் 78 வயது அம்மா ஒருவர் மூன்று வாரம் எங்கள் மேசைக்கு வரவில்லை; ஆனால் தமது நாற்காலியை ஒவ்வொரு முறையும் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டே வந்தார். நானும் அழைக்கவில்லை. நான்காவது வாரம், ஓர் இளம் தன்னார்வலர் பலகையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது, அவரால் பொறுக்க முடியவில்லை. "பதினைந்துக்கு எட்டு என்றால் ஊடுபுள்ளி வைக்க வேண்டும், பெண்ணே. நீ நேர்ப்புள்ளி வைத்துக்கொண்டு போகிறாய், கடைசியில் மூடாது" என்றார். அந்தப் பெண் சாக்கட்டியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அன்று முதல் எங்களுக்குக் கோலம் கற்பிப்பவர் அவர்தான். நான் பலகை துடைக்கிறேன்.

ஆண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'கலை வகுப்பு' என்று பெயர் வைத்தால் வரமாட்டார்கள். எங்கள் ஆண்களிடம் ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் கட்டம் வரைந்து தரச் சொன்னோம். முதலில் ஒருவர் அட்டையில் பென்சிலால் வரைந்தார். கோடு தவறு என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். பிறகு நால்வர் சேர்ந்து மரப்பலகையில் அளந்து வரைந்து வண்ணமும் அடித்து முடித்தார்கள். ஆட்டம் இப்போது தினமும் நடக்கிறது. நீங்கள் இருப்பது தஞ்சாவூர்; தலையாட்டிப் பொம்மை ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காகிதக் கூழை ஒட்டி உலர்த்தி, சாய்த்தாலும் நிமிரும்படி அடியில் களிமண்ணை வைத்துக் கனம் கொடுத்து, வண்ணம் தீட்டுவது வரை பல கைகளுக்கு வேலை உண்டு. கூழைப் பிசைவது விரல் மூட்டுகளுக்கும் நல்ல பயிற்சி. நவராத்திரிக்கு உங்கள் இல்லத்துக் கொலுவில் வைக்கலாம்.

எது செய்தாலும் செய்தவர் பெயரை அவர் கையாலேயே ஓரத்தில் எழுத வையுங்கள். எழுத முடியாதவர் தமக்குரிய ஒரு குறியை இடட்டும். அப்புறம் அந்தச் சாப்பாட்டு விருந்தினர்கள். எங்கள் நிர்வாகி அவர்களிடம் இப்போது ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இங்கே இருப்பவர்களிடம் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு போங்கள், படம் எடுப்பதானால் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். சிலர் முகம் சுளித்தார்கள். பலர் மறுபடியும் வருகிறார்கள், சாப்பாடு போடாத நாளிலும்.

மறுமொழி 4
பதிந்தவர்: கிழக்கு இலண்டன் தாதி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். இலண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். மேலே எழுதியவர்கள் சொன்னவற்றுடன் நான் உடன்படுகிறேன். ஆனாலும் இங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

கொவென்ட்ரி, வாரிக்‌ஷயர் பகுதியிலும் வடகிழக்கு இலண்டனிலும் உள்ள 78 பராமரிப்பு இல்லங்களில், மனச்சோர்வைக் குறைக்க உடற்பயிற்சி உதவுமா என்று பார்த்தார்கள். ஆய்வு தொடங்கியபோது 891 முதியவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவற்றில் ஒரு பகுதி இல்லங்களில் இயன்முறை மருத்துவர்கள் வாரம் இரு முறை, 45 நிமிடம் வகுப்பு நடத்தினார்கள். பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. இதைப் படித்தபோது எங்களில் பலருக்குப் பெரிய ஏமாற்றம். உடற்பயிற்சி வீண் என்று நான் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. காலுக்கும் நடைக்கும் அது வேண்டும், மதுரைக்காரர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றரை மணித்தியாலம் வகுப்பு நடத்திவிட்டு, மிச்சமுள்ள 166க்கும் மேற்பட்ட மணித்தியாலங்களில் எழும்புவது, குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் பிறர் தீர்மானித்தபடியே நடந்தால், மனம் எப்படி மாறும்?

இதே காரணத்துக்காக 1976இல் உளவியலாளர்களான எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் இல்லத்தில் செய்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தாங்களே தெரிந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தார்கள். மற்ற மாடியில் செடியைக் கொடுத்து, தாதிகளே தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில், பொறுப்பு பெற்றவர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. 91 பேர் மட்டும் கலந்துகொண்ட சிறிய ஆய்வுதான். அதைக் கொண்டு எல்லாவற்றையும் நிறுவ முடியாது. இருந்தாலும் ஒரு செடி வாங்க உங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

மறதி நோய் உள்ள ஏழு பேருக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆன் பாஸ்டிங் என்ற அமெரிக்கர் 1990களின் இறுதியில் தொடங்கிய கதைசொல்லும் முறையில், ஒரு படத்தைக் காட்டி, "இவர் யார் என்று நினைவிருக்கிறதா?" என்று கேட்கவே மாட்டார்கள். அந்தக் கேள்வி பரீட்சை, தோற்பது உறுதி. "இவர் எங்கே போகிறார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, வரும் விடை எதுவாக இருந்தாலும் எழுதி, எல்லாருடைய விடைகளையும் சேர்த்து ஒரு கதையாக உரக்க வாசித்துக் காட்டுவார்கள். நான் தமிழில் செய்திருக்கிறேன், நன்றாக வருகிறது. எங்கள் இல்லத்தில் எங்கள் ஊர் அம்மா ஒருவர் இருந்தார். மறதி நோய் முற்றியபோது பிற்காலத்தில் படித்த ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது, கேட்க ஆளில்லை. பின்னேரங்களில் அழுதுகொண்டு கதவைத் தட்டுவார். ஒரு நாள் ஈஸ்ட் ஹாம் கடையில் ஒரு கட்டு முருங்கையிலை வாங்கி அவர் மடியில் வைத்தேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காம்பு விடாமல் ஆய்ந்து முடித்தார். முடித்ததும் என்னைப் பார்த்து, "உலையை வைச்சிட்டியா, பிள்ளை?" என்று கேட்டார்.

கடைசியாக ஒன்று. துக்கமாக இருக்கும் எல்லாரையும் கோலப்பலகைக்கு அழைத்து வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சாப்பாடும் உறக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலைக் கேட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மேல் புள்ளி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டுக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, காது கேளாமை, சில மருந்துகள் ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோன்றும். "செத்துப் போனால் நல்லது" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாமல், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணில் இதற்கு இலவசமாக உதவி கிடைக்கிறது.

மறுமொழி 5
பதிந்தவர்: தஞ்சைச் செவிலி

எல்லாருக்கும் என் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

வைகறை சொன்னபடி முதலில் நோட்டைத்தான் எழுதினேன். ஆறு ஆண்டுகளாக நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தவில்காரரின் மகள், ஒருவர் அஞ்சல்காரர், ஒருவர் நாற்று நடவுக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டு போனவர் என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நடவுக்காரர்தான் இப்போது பயிற்சியில் எண்ணிக்கை சொல்கிறார். அவர் குரல் சமையலறை வரை கேட்கிறது.

மருத்துவர் பார்த்து 17 பேருக்கு ஒப்புதல் கொடுத்தார். அவர்களில் 11 பேர் தவறாமல் வருகிறார்கள். முதல் மாதத்தில் ஒருவர் 30 வினாடியில் எழுந்து உட்காரும் எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறாகியிருக்கிறது. மூன்று பேருக்கு மாற்றமே இல்லை. ஒருவர் முதல் வாரத்தில் தேய்ந்த செருப்போடு வந்து சறுக்கினார். சன்னல் கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. அன்றே நிர்வாகத்தின் பணத்தில் ஏழு சோடி செருப்பு வாங்கினேன். மனச்சோர்வுக் கேள்விகளில் இரண்டு பேருக்குப் புள்ளி அதிகமாக இருந்தது. ஒருவருக்குத் தைராய்டுக் குறைவு என்று தெரிந்து மாத்திரை தொடங்கியிருக்கிறோம். இன்னொருவர் மனநல மருத்துவரிடம் போகச் சம்மதித்திருக்கிறார்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, தாழ்வாரச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினால் அவரால் பயன்படுத்த முடியுமா என்று கேட்டேன். எந்த உயரத்தில், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும்படி மாட்ட வேண்டும் என்று அவரே நின்று அளந்து சொன்னார். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் கிழமை, தேதி, தமிழ் மாதம், திதி, அன்றைய சமையல், செய்தித்தாளிலிருந்து இரண்டு செய்தி ஆகியவற்றைத் தமது அச்சுப்போன்ற கையெழுத்தில் எழுதுகிறார். கிழமை கேட்கும் அம்மா இப்போது என்னிடம் கேட்பதில்லை. பலகையின் முன்னால் போய் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, உரக்க வாசிக்கிறார். சென்ற திங்கட்கிழமை திதி தவறாக எழுதப்பட்டிருந்ததாம். அவர் சொல்லி, ஐயா அழித்துத் திருத்தினார்.

வண்ணப் புத்தகங்களைப் பக்கத்து ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்துவிட்டோம். கோலப்பலகைகள் தச்சரிடமிருந்து இன்னும் வரவில்லை. கோவை அம்மாவிடம் ஒரு கேள்வி: காவிக்குப் பதிலாகச் சாதாரண சிவப்பு வண்ணம் அடித்தால் அதன்மேல் சாக்கட்டி பிடிக்குமா?